மெய்ஜி ஜப்பான்: வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு உலக வரலாறு சொல்லித் தருகிறேன். ஜப்பான் பாடம் வந்தால் வகுப்பு முடிந்த பிறகும் கேள்விகள் ஓயாது. 1868ல் பேரரசர் கைக்கு அதிகாரம் வந்தது, நாடு நவீனமானது என்று இரண்டு வரியில் படித்துவிட்டு வருகிறார்கள். அந்த இரண்டு வரிக்குள் ஓர் உள்நாட்டுப் போரும், பல கிளர்ச்சிகளும், வாழ்க்கை தலைகீழாகிப்போன லட்சக்கணக்கான மனிதர்களும் இருக்கிறார்கள். யார் ஜெயித்தார்கள் என்பதோடு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் கேட்டால்தான் இந்தப் பாடம் விளங்கும் என்பது என் எண்ணம். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் இருப்பவற்றைச் சார்ந்தவை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

மெய்ஜி மீட்சின்னா சுருக்கமா என்ன சார் நடந்தது?

1603 முதல் ஜப்பானை ஆண்டது டொகுகாவா குடும்பத்தின் ராணுவ அரசு. அதை 1868 ஜனவரியில் தென்மேற்கு ஜப்பானைச் சேர்ந்த சில சிற்றரசுகளின் சாமுராய்கள், அதாவது பரம்பரைப் போர்வீரர்கள், கவிழ்த்தார்கள். கியோட்டோவில் பல நூற்றாண்டுகளாக அதிகாரம் இல்லாமல் இருந்த பேரரசரின் பெயரில் புதிய அரசை அமைத்தார்கள். அப்போதைய பேரரசர் முட்சுஹிட்டோ. அவருடைய ஆட்சிக்காலத்துக்கு வைத்த பெயர்தான் மெய்ஜி.

ஆனால் கவிழ்த்தது ஆரம்பம் மட்டுமே. சிற்றரசுகளை ஒழித்தது, சாமுராய் என்ற வகுப்பையே கலைத்தது, கட்டாய ராணுவச் சேவை, பணமாகக் கட்டும் நிலவரி, பள்ளிகள், ரயில், கடைசியில் 1889ல் ஓர் அரசியலமைப்பு என்று எல்லாம் அடுத்த இருபது ஆண்டுகளில் வந்தவை.

ஷோகன்னு ஒருத்தர், பேரரசர்னு ஒருத்தர். ஒரே நாட்டுக்கு ரெண்டு ராஜாவா?

பேரரசர் பிறப்பால் உயர்ந்தவர், பட்டங்கள் வழங்குபவர், சடங்குகளின் தலைவர். ஷோகன் படைத்தலைவர். அந்தப் பட்டத்தைப் பேரரசரிடமிருந்து பெற்றுக்கொண்டு உண்மையில் நாட்டை ஆண்டவர் அவர்தான். 1600ல் செகிகஹாரா போரில் வென்ற டொகுகாவா இயேயாசு 1603ல் ஷோகன் ஆனார். எடோவைத் தலைநகராக்கினார். இன்றைய டோக்கியோதான் அது.

1615ல் டொகுகாவா அரசு அரண்மனைக்கென்றே விதிகளை எழுதியது. பேரரசர் கல்வியிலும் கலைகளிலும் கவனம் செலுத்த வேண்டும் என்பது அதன் முதல் விதி. ஆட்சியில் தலையிட வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். ஆனாலும் ஷோகனின் அதிகாரம் பேரரசர் கொடுத்த பட்டத்திலிருந்துதான் வந்தது என்ற எண்ணம் மட்டும் அழியவே இல்லை. டொகுகாவா பலமாக இருந்தவரை அதனால் சிக்கல் இல்லை. பலவீனமானபோது எதிரிகள் சரியாக அந்த இடத்தில்தான் கை வைத்தார்கள்.

அப்போ ஷோகன் முழு நாட்டையும் நேரடியா ஆண்டாரா?

இல்லை. சுமார் 260 சிற்றரசுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் டைம்யோ என்ற பரம்பரைத் தலைவர், அவருக்கென்று படை, கருவூலம், பல இடங்களில் சொந்தக் காகிதப் பணம்கூட இருந்தது. ஷோகன் தன் சொந்த நிலங்களையும் எடோ, ஒசாகா, நாகசாகி போன்ற முக்கிய நகரங்களையும்தான் நேரடியாக ஆண்டார்.

டைம்யோக்களைக் கட்டுப்படுத்த ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். பெரும்பாலான டைம்யோக்கள் ஓர் ஆண்டு எடோவிலும் ஓர் ஆண்டு சொந்த ஊரிலும் மாறி மாறி இருக்க வேண்டும். மனைவியும் வாரிசும் நிரந்தரமாக எடோவிலேயே. அவர்கள் பிணைக்கைதிகள்தான். நூற்றுக்கணக்கான ஆட்களோடு ஊர்வலமாகப் போய்வரும் செலவும், எடோவில் மாளிகை வைத்துக்கொள்ளும் செலவும் டைம்யோக்களைக் கடனாளி ஆக்கின. அதே ஏற்பாடுதான் சாலைகளையும் சத்திரங்களையும் வணிகர்களையும் வளர்த்தது. 18ஆம் நூற்றாண்டில் எடோவில் சுமார் 10 லட்சம் பேர் இருந்தார்கள். மெய்ஜி அரசு வெறும் நிலத்தில் எதையும் தொடங்கவில்லை.

200 வருஷத்துக்கு மேல கதவை மூடிக்கிட்டு இருந்தாங்களாமே, நெஜமா?

பாதி உண்மை. கிறித்தவத்துக்குத் தடை, ஜப்பானியர் வெளிநாடு போகத் தடை, ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் அனுமதி, அதுவும் நாகசாகியில் டெஜிமா என்ற சின்னச் செயற்கைத் தீவில். இதெல்லாம் உண்மை. ஆனால் அதே நாகசாகிக்குச் சீன வணிகர்கள் வந்தார்கள். சுஷிமா வழியாகக் கொரியாவோடும், சத்சுமா என்ற சிற்றரசு வழியாக ரியூக்யூ தீவுகளோடும், வடக்கே மட்சுமாயே வழியாக ஐனு மக்களோடும் வணிகம் நடந்தது. டச்சு மொழி படித்து ஐரோப்பிய மருத்துவமும் அறிவியலும் கற்ற ஒரு கூட்டமே இருந்தது.

அமெரிக்கக் கப்பல் வந்ததாலதான் எல்லாம் மாறிச்சா?

1853 ஜூலையில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி நான்கு போர்க்கப்பல்களோடு எடோ விரிகுடாவின் வாயிலில் உள்ள உராகாவுக்கு வந்தார். தன் அதிபரின் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அடுத்த ஆண்டு வருவதாகச் சொல்லிப் போனார். சொன்னபடி கூடுதல் கப்பல்களோடு வந்தார். 1854 மார்ச்சில் கனகாவா ஒப்பந்தம் கையெழுத்தானது. ஷிமோடா, ஹகோடாட்டே துறைமுகங்கள் திறந்தன.

அந்தக் கப்பல்கள் வராமல் இருந்திருந்தாலும் டொகுகாவா ஆட்சி நெருக்கடியில்தான் இருந்தது. 1830களில் கடும் பஞ்சம். 1837ல் ஒசாகாவில் ஓஷியோ ஹெய்ஹாச்சிரோ என்ற முன்னாள் அதிகாரியே பசித்தவர்களுக்காகக் கிளர்ச்சி செய்தார். சாமுராய்கள் வணிகர்களிடம் கடன்பட்டுக் கிடந்தார்கள். அதைவிட, சீனா அபினிப் போரில் தோற்ற செய்தி டச்சுக்காரர்கள் மூலமும் சீனர்கள் மூலமும் வந்து படித்தவர்களை உலுக்கியிருந்தது. பெரி வந்ததால் நடந்த முக்கியமான விஷயம் வேறு. என்ன பதில் சொல்வது என்று ஷோகன் அரசு டைம்யோக்கள் எல்லோரிடமும் கருத்துக் கேட்டது. இரண்டரை நூற்றாண்டு யாரையும் கேட்காமல் ஆண்ட அரசு அப்படிக் கேட்டதுமே, அதனால் தனியாக முடிவெடுக்க முடியவில்லை என்பது ஊருக்கே தெரிந்துபோனது.

துறைமுகத்தைத் திறந்து வணிகம் பண்ணினா நல்லதுதானே? ஏன் அவ்வளவு கோபம்?

கோபத்துக்குக் காரணமானது முக்கியமாக 1858ல் வந்த ஒப்பந்தங்கள். முதலில் அமெரிக்கா, பிறகு பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, நெதர்லாந்து. இவற்றின்படி ஜப்பானில் குற்றம் செய்யும் வெளிநாட்டவரை அவர் நாட்டுத் தூதர்தான் விசாரிப்பார். இறக்குமதி வரி எவ்வளவு என்பதை ஜப்பான் தானாக முடிவு செய்ய முடியாது. ஷோகன் அரசின் தலைமை அமைச்சரான ஈ நவோசுகே, பேரரசரின் ஒப்புதல் இல்லாமலேயே இதில் கையெழுத்திட வைத்தார். எதிர்த்தவர்களைச் சிறையிலிட்டார், சிலரைக் கொன்றார். 1860 மார்ச்சில் எடோ கோட்டை வாசலிலேயே அவரை வெட்டிக் கொன்றார்கள்.

சாதாரண மக்களைத் தாக்கியது தங்கம். ஜப்பானில் ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு வெள்ளி. வெளியுலகில் பதினைந்து பங்கு. வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்துத் தங்கத்தை வாங்கிக்கொண்டு போனாலே போட்ட பணம் மூன்று மடங்காகும். 1859ல் துறைமுகங்கள் திறந்ததும் தங்கம் வெளியே ஓடியது. அதைத் தடுக்க அரசு நாணயத்தில் தங்கத்தைக் குறைத்தது. பட்டும் தேயிலையும் ஏற்றுமதிக்குப் போயின. விலைவாசி எகிறியது. நிலையான சம்பளத்தில் வாழ்ந்த கீழ்நிலைச் சாமுராய்க்கு அரிசி வாங்கவே திண்டாட்டம். பேரரசரைப் போற்று, அந்நியரை விரட்டு என்ற முழக்கம் அவர்களிடையே பரவியதற்கு வீட்டுப் பட்டினியும் ஒரு காரணம்.

அந்நியனை விரட்டுன்னு கத்தினவங்களே பின்னாடி கோட்டு சூட்டு போட்டுக்கிட்டாங்களே, அது எப்படி?

பீரங்கி கற்றுக்கொடுத்தது. 1862ல் யோகோஹாமா அருகே சத்சுமா தலைவரின் ஊர்வலத்தில் குறுக்கிட்ட ஓர் ஆங்கிலேயரைக் காவலர்கள் வெட்டிக் கொன்றார்கள். மறு ஆண்டு பிரிட்டிஷ் கப்பற்படை சத்சுமாவின் ககோஷிமா நகரைச் சுட்டு எரித்தது. இன்னொரு பெரிய சிற்றரசான சோஷூ, ஷிமோனோசெகி நீரிணையில் வந்த வெளிநாட்டுக் கப்பல்களைச் சுட்டது. 1864ல் நான்கு நாடுகளின் கப்பல்கள் சேர்ந்து வந்து சோஷூவின் பீரங்கி மேடைகளை அழித்தன.

இரண்டு சிற்றரசுகளுக்கும் விஷயம் உடனே புரிந்தது. அடித்தவனிடமே ஆயுதம் வாங்கத் தொடங்கினார்கள். வெளிநாடு போனால் மரண தண்டனை என்று இருந்த 1863லேயே சோஷூ ஐந்து இளைஞர்களை ரகசியமாக லண்டனுக்கு அனுப்பியது. அதில் ஒருவர் இட்டோ ஹிரோபுமி, பின்னாளில் ஜப்பானின் முதல் பிரதமர். அதற்குச் சில மாதங்கள் முன்னால் எடோவில் கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குத் தீ வைத்த கூட்டத்திலும் அவர் இருந்தார். கொள்கையை விட்டுவிட்டார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அந்நியருக்கு அடிபணியக் கூடாது என்ற நோக்கம் கடைசிவரை அப்படியே இருந்தது. வழிதான் மாறியது.

ஷோகனே ஆட்சியைத் திருப்பிக் கொடுத்துட்டார்னு படிச்சேன். அப்புறம் எதுக்குப் போர்?

அடிக்கடி குழம்பும் இடம் இது. பகையாளிகளான சத்சுமாவும் சோஷூவும் 1866ல் ரகசியக் கூட்டணி அமைத்தன. நடுவில் நின்று பேசி முடித்தவர்களில் முக்கியமானவர் டோசா சிற்றரசைச் சேர்ந்த சகமோட்டோ ரியோமா. அதே ஆண்டு சோஷூவை அடக்கப்போன ஷோகன் படை தோற்றது. 1867 நவம்பரில் கடைசி ஷோகன் யோஷினோபு அதிகாரத்தைப் பேரரசரிடம் ஒப்படைத்தார். அவர் கணக்கு வேறு. பட்டத்தை விட்டாலும் நாட்டிலேயே அதிக நிலம் தன்னிடம் இருக்கும், அமையப்போகும் டைம்யோக்கள் சபையில் தானே தலைவராக இருக்கலாம் என்று நினைத்தார்.

அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று சத்சுமாவின் சைகோ தகாமோரியும் ஒகுபோ தோஷிமிச்சியும், அரண்மனைப் பிரபு இவாகுரா டொமோமியும் முடிவு செய்தார்கள். 1868 ஜனவரி 3 அன்று அரண்மனை வாயில்களைப் படைகொண்டு பிடித்து, புதிய அரசை அறிவித்து, டொகுகாவா நிலங்களையும் விட்டுத்தர வேண்டும் என்றார்கள். அந்த மாதக் கடைசியில் டோபா, ஃபுஷிமி என்ற இடங்களில் மோதல். டொகுகாவா படை சுமார் 15,000, எதிர்ப்படை அதில் மூன்றில் ஒரு பங்கு. எதிர்ப்படை முன்கூட்டியே தயாராக வைத்திருந்த பேரரசரின் பட்டுக்கொடியை உயர்த்தியது. பேரரசரையே எதிர்க்கிறோமோ என்ற தயக்கம் டொகுகாவா பக்கத்தில் பரவியது. யோஷினோபு ஒசாகாவிலிருந்து கப்பலேறி எடோவுக்குப் போய்விட்டார்.

ரத்தம் சிந்தாத புரட்சின்னு சொல்றாங்களே?

எடோ கோட்டையை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். சைகோவும் டொகுகாவா தரப்பின் கட்சு கைஷூவும் பேசி, 1868 மே மாதம் சண்டையில்லாமல் கோட்டை கைமாறியது. பத்து லட்சம் பேர் வாழ்ந்த நகரம் தப்பியது. அது பெரிய காரியம்.

வடக்கே போனால் கதை வேறு. ஐசு சிற்றரசு டொகுகாவாவுக்கு விசுவாசமாக நின்றது. அதன் கோட்டையை 1868 இலையுதிர்காலத்தில் ஒரு மாதம் முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தார்கள். 16, 17 வயதுப் பையன்களைக் கொண்ட படைப்பிரிவில் ஒரு குழு, தூரத்துக் குன்றிலிருந்து நகரம் எரியும் புகையைப் பார்த்து, கோட்டை விழுந்துவிட்டது என்று நினைத்துத் தற்கொலை செய்துகொண்டது. கோட்டை அப்போது விழவே இல்லை. அந்தக் குழுவில் ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார். தோற்ற பிறகு ஐசு சாமுராய் குடும்பங்கள் பலவற்றை வடகோடியில் விளைச்சலே இல்லாத குளிர் நிலத்துக்கு அனுப்பினார்கள். பலர் பசியால் செத்தார்கள். ஹகோடாட்டேயில் கடைசி எதிர்ப்பு அடங்கியது 1869 ஜூனில். போரில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் ஐசுக்காரர்களிடம் போய் ரத்தம் சிந்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பேரரசருக்கு அப்போ 15 வயசு. நெஜமா ஆண்டது யாரு?

சத்சுமா, சோஷூ ஆட்களும் கொஞ்சம் டோசா, ஹிசென் ஆட்களும். ஒகுபோ, சைகோ, சோஷூவின் கிடோ தகாயோஷி மூவரும் முதல் பத்தாண்டின் தூண்கள். பிறகு இட்டோ, யமகாட்டா அரிடோமோ. பெரும்பாலும் நடுத்தர, கீழ்நிலைச் சாமுராய் குடும்பங்களில் பிறந்தவர்கள். இட்டோ விவசாயி மகனாகப் பிறந்தவர். அவர் தந்தை ஒரு கீழ்நிலைச் சாமுராய் வீட்டுக்குத் தத்துப் போனதால் இவரும் சாமுராய் ஆனார்.

பேரரசரின் பெயர் இவர்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், இவர்களில் யாருக்கும் 260 டைம்யோக்களுக்கு உத்தரவு போடும் தகுதி பழைய முறைப்படி கிடையாது. 1868 ஏப்ரலில் பேரரசர் பெயரில் ஐந்து வாக்குறுதிகளை வெளியிட்டார்கள். சபைகளைக் கூட்டி விவாதித்து முடிவெடுப்போம் என்பது முதலாவது. உலகெங்கும் அறிவைத் தேடுவோம் என்பது கடைசி. இந்த முதல் வாக்குறுதியை மக்கள் மறக்கவில்லை. பின்னால் வருகிறேன்.

சரி, 260 டைம்யோவும் எப்படிச் சும்மா விட்டுக்கொடுத்தாங்க?

இரண்டு படிகளில் நடந்தது. 1869ல் சத்சுமா, சோஷூ, டோசா, ஹிசென் டைம்யோக்கள் தங்கள் நிலத்தையும் மக்களையும் பேரரசரிடம் ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அதே டைம்யோக்களையே ஆளுநர்களாக நியமித்ததால் யாருக்கும் பெரிய இழப்பாகத் தெரியவில்லை. 1871 ஆகஸ்ட் 29 அன்று அவர்களை டோக்கியோவுக்கு வரவழைத்து, சிற்றரசுகள் இன்றோடு இல்லை என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே சத்சுமா, சோஷூ, டோசாவிலிருந்து சுமார் 10,000 வீரர்களைத் தலைநகரில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

மிரட்டல் மட்டும் போதாது, பணமும் பேசியது. சிற்றரசின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு டைம்யோவின் சொந்த வருமானம் என்று ஏற்கெனவே ஒதுக்கியிருந்தார்கள். சிற்றரசுகளின் கடனையும், சாமுராய்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பையும் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. கடனில் மூழ்கியிருந்த பலருக்கு இது விடுதலையாகவே இருந்தது. சிற்றரசுகள் இருந்த இடத்தில் 300க்கு மேற்பட்ட மாகாணங்கள் வந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் அவற்றை எழுபதுகளுக்குக் குறைத்தார்கள். இப்போது 47.

சாமுராய்களே சாமுராய் வகுப்பை ஒழிச்சாங்க. இது எப்படி சார் சாத்தியம்?

இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி. இதற்கான பதில் 1868க்கு வெகு முன்னால் இருக்கிறது. டொகுகாவா காலத்தில் பெரும்பாலான சாமுராய்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. கோட்டை நகரத்தில் குடியிருந்து, டைம்யோவிடம் அரிசியாகச் சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள். நிலத்தில் வேர் இல்லாத வகுப்பை, சம்பளத்தை நிறுத்தினாலே கலைத்துவிடலாம். ஐரோப்பாவில் நிலப்பிரபுக்களை அசைக்க அவ்வளவு ரத்தம் தேவைப்பட்டதற்கும் இங்கே நிலைமை வேறாக இருந்ததற்கும் இதுதான் முதல் காரணம்.

குடும்பத்தோடு சேர்த்தால் சாமுராய்கள் மக்கள்தொகையில் ஐந்தாறு சதவீதம். அவர்களுடைய சம்பளம் அரசின் செலவில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கியது. 1873ல் கட்டாய ராணுவச் சேவை வந்ததும் இவர்களுக்கு வேலையும் இல்லை. 1876ல் வாள் அணியத் தடை. அதே ஆண்டு சம்பளத்தை நிறுத்திவிட்டு, பதிலாக வட்டி தரும் கடன் பத்திரங்களைக் கொடுத்தார்கள். கீழ்நிலைச் சாமுராய்க்கு அந்த வட்டியில் அரை வயிறுகூட நிரம்பாது. பத்திரத்தை விற்று வியாபாரம் செய்து நொடித்தவர்கள் ஏராளம். சிலர் போலீஸ்காரர், ஆசிரியர், பத்திரிகையாளர் ஆனார்கள். சிலர் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் காடு வெட்டப் போனார்கள்.

சினிமாவுல காட்டுற மாதிரி சாமுராய்கள் வாளோட துப்பாக்கியை எதிர்த்தாங்களா?

1876ல் குமாமோட்டோவில் ஒரு சிறு குழு அப்படிச் செய்தது. துப்பாக்கி அந்நியப் பொருள் என்று தொடவில்லை. ஆனால் பெரிய கிளர்ச்சி 1877ல் சத்சுமாவில் சைகோ தலைமையில் நடந்தது. அவர் படையிடம் துப்பாக்கியும் பீரங்கியும் இருந்தன. குண்டும் மருந்தும் தீர்ந்த பிறகுதான் வாளை நம்ப வேண்டி வந்தது. சைகோவே பழமைவாதி என்று சொல்லிவிட முடியாது. சிற்றரசுகளை ஒழித்த 1871 அரசில் அவர் முக்கியமானவர். கொரியாவோடான தகராறில் 1873ல் அரசிலிருந்து விலகியவர்.

பிப்ரவரியில் தொடங்கிய போர் செப்டம்பர் 24 அன்று ககோஷிமாவின் ஷிரோயாமா குன்றில் சைகோவின் மரணத்தோடு முடிந்தது. இரு தரப்பிலும் சேர்த்து 12,000க்கு மேல் இறந்தார்கள். அரசுப் படையில் விவசாயிகளின் மகன்கள் நிறையப் பேர். போர்ச் செலவு சுமார் 4 கோடி யென். அதற்காக அச்சடித்த காகிதப் பணம் அடுத்து வரும் பதிலிலும் தலைகாட்டும். மறு ஆண்டு மே மாதம் ஒகுபோவைச் சாமுராய்கள் வெட்டிக் கொன்றார்கள்.

விவசாயிக்கு என்ன கிடைச்சது?

நிலப் பட்டா கிடைத்தது, தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. கூடவே பாரமும் ஏறியது. முன்பு விளைச்சலில் ஒரு பங்கு அரிசியாகக் கொடுத்தார்கள். மழை பொய்த்தால் தள்ளுபடி கேட்க இடமிருந்தது. 1873 சட்டப்படி நில மதிப்பில் 3 சதவீதத்தைப் பணமாகக் கட்ட வேண்டும், விளைந்தாலும் விளையாவிட்டாலும். இபராகி, மியே மாகாணங்களில் 1876ல் பெரிய கலவரங்கள் வெடித்தன. 1877 ஜனவரியில் 2.5 சதவீதமாகக் குறைத்தார்கள். சாமுராய் கிளர்ச்சியும் விவசாயிகள் கிளர்ச்சியும் ஒன்றுசேரக் கூடாது என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது.

ராணுவச் சேவையும் அப்படித்தான். 270 யென் கட்டினால் விலக்கு உண்டு. ஏழை வீட்டுக்கு அது கனவிலும் வராத தொகை. அறிவிப்பில் இதை ரத்த வரி என்று எழுதியிருந்ததால், உடம்பிலிருந்து ரத்தத்தை எடுப்பார்கள் என்று கிராமங்களில் பீதி பரவிக் கலவரமானது. சைகோ போருக்காக அச்சடித்த பணத்தால் விலை ஏறியபோது விவசாயிக்குக் கொஞ்ச காலம் நல்ல வருமானம். 1881 முதல் நிதியமைச்சர் மட்சுகாட்டா மசயோஷி பணப்புழக்கத்தைச் சுருக்கியதும் அரிசி, பட்டு விலைகள் விழுந்தன. வரி மட்டும் அப்படியே நின்றது. நிலத்தை இழந்து குத்தகைக்காரர் ஆனவர்கள் ஏராளம். 1884ல் சிச்சிபுவில் கடன்பட்ட விவசாயிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு எழுந்தார்கள், ராணுவம் அடக்கியது. ரயிலுக்கும் ஆலைக்கும் முதலீடு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதிலையே காட்டுவேன். 1870ல் ரயிலுக்காக லண்டனில் 10 லட்சம் பவுண்டும் 1873ல் இன்னொரு கடனும் வாங்கியதோடு சரி. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டுக் கடன் வாங்கவில்லை. நாட்டை நவீனமாக்கிய செலவில் பெரும்பகுதி வயலிலிருந்துதான் வந்தது.

சாதி மாதிரி ஏதாவது இருந்ததா? அது ஒழிஞ்சதா?

இருந்தது. தோல் வேலை, இறந்த விலங்குகளை அகற்றுவது, தண்டனை நிறைவேற்றுவது போன்ற வேலைகளைப் பிறப்பின் அடிப்படையில் சிலர்மேல் சுமத்தி, ஊருக்கு வெளியே குடிவைத்து, தீட்டு என்று ஒதுக்கினார்கள். நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1871ல் அரசு இந்த இழிபெயர்களை ஒழித்து, எல்லோரும் சமம் என்று ஆணையிட்டது.

ஆணையோடு எந்த உதவியும் வரவில்லை. தோல் தொழிலில் அவர்களுக்கு இருந்த தனியுரிமை போனது, வரியும் ராணுவச் சேவையும் வந்தன. ஒழிப்பு ஆணையை எதிர்த்து மற்ற விவசாயிகளே கலவரம் செய்தார்கள். 1873ல் மிமசாகா பகுதியில் நடந்த கலவரத்தில் அவர்களுடைய வீடுகளை எரித்து, பலரைக் கொன்றார்கள். திருமணத்திலும் வேலையிலும் ஒதுக்கல் தொடர்ந்ததால்தான் 1922ல் அவர்களே சுஇஹெய்ஷா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள்.

பெண்களுக்கு?

1871 டிசம்பரில் இவாகுரா தலைமையில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன தூதுக்குழுவோடு ஐந்து சிறுமிகள் படிக்கப் போனார்கள். இளையவள் சுடா உமேகோவுக்கு ஆறு வயது. பின்னாளில் பெண்களுக்கான உயர்கல்வி நிலையத்தை நிறுவியவர் அவர். 1872ல் தொடங்கிய டொமியோகா அரசுப் பட்டு ஆலையில் முதலில் வேலைக்கு ஆள் வரவில்லை. ஆலையை நடத்திய பிரெஞ்சுக்காரர்கள் பெண்களின் ரத்தத்தைக் குடிப்பார்கள் என்ற வதந்திதான் காரணம். சாமுராய் வீட்டுப் பெண்கள் முன்வந்து சேர்ந்தார்கள். பின்னால் வந்த தனியார் ஆலைகளில் ஏழை விவசாயிகளின் மகள்கள், முன்பணம் வாங்கிய அப்பாவின் கடனுக்காக நீண்ட நேரம் உழைத்தார்கள். ஜப்பான் வாங்கிய இயந்திரங்களுக்கும் கப்பல்களுக்கும் அந்நியச் செலாவணி தந்தது பெரும்பாலும் அவர்கள் நூற்ற பட்டு.

சட்டமோ இறுக்கிக்கொண்டே போனது. 1890ல் பெண்கள் அரசியல் கூட்டத்துக்குப் போவதையே தடை செய்தார்கள். 1898 குடும்பச் சட்டம் வீட்டின் தலைவரான ஆணிடம் அதிகாரத்தைக் குவித்தது. பெண்கள் முதல்முறை நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தது 1946ல்.

1889 அரசியலமைப்பு ஜனநாயகமா, முடியாட்சியா?

முதல் வாக்குறுதியில் சபைகள் என்று சொன்னதை மக்கள் மறக்கவில்லை என்றேன் இல்லையா? 1874ல் டோசாவின் இடகாகி தாய்சுகேவும் நண்பர்களும் நாடாளுமன்றம் கேட்டு மனு கொடுத்தார்கள். அது மக்கள் உரிமை இயக்கமாக வளர்ந்தது. கிராமத்துப் பணக்கார விவசாயிகள்கூட மாதிரி அரசியலமைப்புகளை எழுதினார்கள். அழுத்தம் தாங்காமல் 1881ல், 1890க்குள் நாடாளுமன்றம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. இட்டோ பெர்லினிலும் வியன்னாவிலும் போய்ப் படித்துவிட்டு வந்து, ஜெர்மானிய ஆலோசகர் ரோஸ்லரின் உதவியோடு, மூடிய அறையில் வரைவை எழுதினார்.

1889 பிப்ரவரி 11 அன்று பேரரசர் மக்களுக்கு அருளிய கொடையாக அது வந்தது. பேரரசர் புனிதமானவர், மீற முடியாதவர். அமைச்சர்கள் அவருக்குப் பொறுப்பு. ஆண்டுக்கு 15 யென் நேரடி வரி கட்டும் 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கே வாக்கு. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்தான் தேறினார். ஆனாலும் வரவுசெலவுத் திட்டத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவை. மறுத்தால் போன ஆண்டுத் திட்டமே தொடரும். செலவு கூடிக்கொண்டே போகும் அரசுக்குப் போன ஆண்டுப் பணம் போதாது. அதனால் கட்சிகளோடு பேரம் பேசியே தீர வேண்டியிருந்தது. அந்தச் சின்ன இடுக்கு வழியாகத்தான் பிறகு கட்சி அரசுகள் வந்தன.

1930கள்ல வந்த ராணுவ ஆட்சிக்கு இதுதான் விதையா?

ஒரு ஓட்டை நிச்சயமாக இங்கே உண்டானது. தரைப்படையும் கடற்படையும் நேரடியாகப் பேரரசரின் கட்டளையின் கீழ் என்றது அரசியலமைப்பு. 1878லேயே யமகாட்டா ராணுவத் தலைமையகத்தை அமைச்சரவையிலிருந்து பிரித்திருந்தார். 1900ல் ராணுவ அமைச்சர்கள் பணியில் உள்ள தளபதிகளாகவே இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ராணுவம் ஆள் தர மறுத்தால் அமைச்சரவையே அமையாது. பேரரசர் நேரடியாக ஆளவும் இல்லை. அப்படியானால் ராணுவத்தைக் கேள்வி கேட்பது யார்? இட்டோ, யமகாட்டா போன்ற மூத்தவர்கள் உயிரோடு இருந்தவரை தங்கள் செல்வாக்கால் சமாளித்தார்கள். அவர்களுக்குப் பிறகு அந்த இடம் காலி. ஆனால் 1920களில் கட்சி அரசுகளும் 1925ல் ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமையும் இதே அரசியலமைப்பின் கீழ்தான் வந்தன. அதனால் விதை என்பதைவிட, காவல் இல்லாத கதவு என்று சொல்வேன்.

பேரரசு விரிவாக்கம் மட்டும் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1869ல் ஹொக்கைடோவைத் தன்னோடு இணைத்து ஐனு மக்களின் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1876ல் போர்க்கப்பலைக் காட்டிக் கொரியாவை ஒப்பந்தம் போட வைத்தது. பெரி ஜப்பானுக்குச் செய்ததையே, அதே பாரபட்சமான விதிகளோடு, 22 ஆண்டுகளில் ஜப்பான் இன்னொருவருக்குச் செய்தது. 1879ல் ரியூக்யூ, 1895ல் தைவான், 1910ல் கொரியா. தன்மேல் சுமத்திய அநீதியை உணர்ந்த நாடு அதை மற்றவர்மேல் சுமத்தத் தயங்கவே இல்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம்.

சீனாவால முடியாதது ஜப்பானால எப்படி முடிஞ்சது?

ஜப்பானியர் இயல்பிலேயே ஒழுக்கமானவர்கள் என்ற பதிலைத் தயவுசெய்து எழுதாதீர்கள். சொல்லத்தக்க காரணங்கள் உண்டு. சாமுராய்க்கு நிலம் இல்லாதது பற்றி மேலே சொன்னேன். சிற்றரசுகள் ஒன்றோடொன்று போட்டியிட்டதால் மைய அரசு தயங்கியபோதும் சத்சுமா, சோஷூ தாமாகச் சோதனை செய்து பார்க்க முடிந்தது. எழுத்தறிவு பரவியிருந்தது, ஊர்ப்புறத்திலும் பாடசாலைகள் இருந்தன. அப்புறம் அதிர்ஷ்டம். 1853 முதல் 1865 வரை வல்லரசுகள் கிரிமியப் போர், இந்தியாவில் 1857 எழுச்சி, சீனாவில் இரண்டாம் அபினிப் போர், அமெரிக்க உள்நாட்டுப் போர் என்று வேறு வேலையில் மூழ்கியிருந்தன. சீனா அளவுக்குப் பெரிய சந்தை என்ற ஆசையும் ஜப்பான்மேல் யாருக்கும் இல்லை.

நம்ம ஊர்ல அப்போ இதைப் பத்தித் தெரியுமா?

தெரியும். 1893 ஜூலையில் சிகாகோ போகும் வழியில் ஜப்பானைப் பார்த்த விவேகானந்தர், யோகோஹாமாவிலிருந்து சென்னையில் இருந்த அளசிங்கப் பெருமாளுக்கும் நண்பர்களுக்கும் எழுதிய கடிதத்தில், காலத்தின் தேவையை ஜப்பானியர் உணர்ந்துவிட்டார்கள் என்று வியந்தார். நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் ஜப்பான் போய்ப் பார்த்து வர வேண்டும் என்றும் எழுதினார். அதே 1893ல் டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து ஜப்பானியக் கப்பல் நிறுவனம் பம்பாய்க்கு நேரடிப் போக்குவரத்தைத் தொடங்கியது. ஜப்பானிய நூற்பாலைகளுக்கு இந்தியப் பருத்தி அப்படித்தான் போனது.

தேர்வில் எந்த வருஷத்தோட முடிஞ்சதுன்னு எழுதணும்?

ஆட்சி மாற்றம் என்று கேட்டால் 1868. மெய்ஜி காலம் என்று கேட்டால் 1868 முதல் பேரரசர் இறந்த 1912 ஜூலை 30 வரை. நிலப்பிரபுத்துவ அமைப்பு எப்போது ஒழிந்தது என்ற கேள்விக்கு 1871 என்பது வழக்கமான விடை. சாமுராய் சம்பளம் 1876 வரை ஓடியதையும் சேர்த்து எழுதினால் நல்லது. 1858 ஒப்பந்தங்களின் பாரபட்சமான விதிகள் நீங்கிய தேதி கேட்டால் இரண்டு பகுதியாக எழுதுங்கள். வெளிநாட்டவரைத் தன் நீதிமன்றத்தில் விசாரிக்கும் உரிமை, 1894ல் பிரிட்டனோடு போட்ட புதிய ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1899ல் நடைமுறைக்கு வந்தது. சுங்க வரியைத் தானே முடிவு செய்யும் உரிமை 1911ல் கிடைத்தது.